அதே நேரம், அதே குரல், அதே பாட்டு

எங்கள் குடும்பத்தின் பெயர் வானொலியில் ஒரு தடவைகூட வந்ததில்லை. அதை நாங்கள் பெருமையாகவே சொல்லிக்கொண்டு வந்தோம். என் தகப்பனார் காலமானபோது செய்தித்தாளில் கறுப்புக் கட்டம் கட்டி அறிவித்தோம். என் திருமண அறிவிப்பைப் பாதிரியார் கோயிலில் வாசித்தார். இந்த இரண்டு இடங்களுக்கு வெளியே ஓர்னெலாஸ் என்ற பெயரை யாரும் உரக்கச் சொல்லவேண்டிய அவசியம் நேரவில்லை. வீட்டில் வானொலிப் பெட்டி உண்டு. சமையலறையில் இருக்கும். கூடத்தில் வைக்கும் அளவுக்கு அதன் நடத்தை எனக்குத் திருப்தியாக இல்லை.

அந்தப் புதன்கிழமை முற்பகலில் நான் இறைச்சிக் கடையில் நின்றிருந்தேன். கடைக்காரன் சோன், போசோலே கஞ்சிக்கு வேண்டிய பன்றித்தலையை வெட்டிக்கொண்டிருந்தான். அவன் தலைக்கு மேலே வானொலி. எங்கள் குவாதலஹாரா நகரத்தில் முற்பகல் என்றால் நேயர் விருப்பம்தான். மருமகள் மாமியாருக்குப் பாட்டு அனுப்புவாள். பஸ் ஓட்டுநர், தினமும் தன் பஸ்ஸில் ஏறும் தையல்காரிக்கு அனுப்புவார். யார் யாருக்கு என்ன அனுப்பினார்கள் என்று மாலைக்குள் ஊர் முழுக்கப் பேசும். இந்த வழக்கத்தை நான் எப்போதும் தூரத்திலிருந்தே கண்டித்து வந்தேன்.

"அடுத்த பாட்டு," என்றது வானொலி, "சாந்தா தெரே பகுதியில் வசிக்கும் திருமதி எலோதியா ஓர்னெலாஸ் அவர்களின் மென்மையான கைகளுக்கு. வியாழக்கிழமைதோறும் அந்தக் கைகளின் ஓசைக்காகக் காத்திருக்கும் ஒருவரிடமிருந்து."

பிறகு ஒரு பொலேரோ. நிதானமான காதல் பாட்டு. கிதார், பெருமூச்சு, மறுபடி கிதார்.

சோனின் கத்தி அந்தரத்தில் நின்றது. என் பெயருக்கு முன்னால் மரியாதைக்குரிய 'தோன்' சேர்க்க மட்டும் அவன் மறக்கவில்லை.

"தோன் எவாரிஸ்தோ, உங்க வீட்ல எத்தனை எலோதியா இருக்காங்க?"

"ஒருத்திதான்."

"உங்க தங்கச்சி."

"என் தங்கை. விதவை."

"அப்போ சந்தேகமே இல்ல," என்று கத்தியை இறக்கினான். பொட்டலம் கட்டும்போது நான் கேட்காத ஒரு பெரிய எலும்பையும் உள்ளே வைத்தான். "இருக்கட்டும் தோன். வீட்டுக்கு ஆள் வந்தாலும் வரும்."

எலோதியா என்னைவிடப் பத்து வயது இளையவள். கணவன் இறந்த பிறகு என் வீட்டுக்கே வந்துவிட்டாள். ஞாயிறு பூசைக்குப் போவாள். வியாழன் மாலை நகரச் சதுக்கத்தில் முனிசிபல் பேண்ட் வாசிப்பதைக் கேட்கப் போவாள். அது இலவசம், பொது இடம், ஆளுநர் மாளிகைக்கு எதிரே நடப்பது. ஆகவே நான் ஆட்சேபிக்கவில்லை. இப்போது அவள் பெயர் பொலேரோவோடு சேர்ந்து இறைச்சிக் கடையில் ஒலித்துவிட்டது. எங்கள் வீட்டுப் பெண்ணின் பெயர் அது. அதைத் திரும்ப வாங்கிக்கொண்டு வருவது என் கடமை.

நான் வீட்டுக்குப் போனபோது எலோதியா ஏதோ பாட்டை முணுமுணுத்துக்கொண்டு அவரைக்காய் உரித்துக்கொண்டிருந்தாள். நான் அவளிடம் ஒன்றும் கேட்கவில்லை. எங்கள் குடும்பத்தில் இப்படிப்பட்ட விஷயங்களைப் பெண்களிடம் கேட்கும் வழக்கம் கிடையாது. உரிய அதிகாரியிடம்தான் கேட்போம். கோட்டை மாட்டிக்கொண்டு கந்தேரா வானொலி நிலையத்துக்குக் கிளம்பினேன்.

நேயர் விருப்பத்தை வாசிப்பவர் பெயர் பால்தோமேரோ கிஹாஸ். அந்தக் குரலுக்கு நான் ஆறடி உயர மனிதரை எதிர்பார்த்தேன். என் தோளுக்கு வந்தார். ஆனால் குரல் மட்டும் எப்போதும் பணியில் இருந்தது.

"சகோதரிகளே, சகோதரர்களே," என்றார் என்னிடம். அறையில் என்னைத் தவிர யாரும் இல்லை. "பல்குச்சி எங்கே?"

"அந்தச் செய்தியை நீங்க திரும்ப எடுத்துக்கணும்," என்றேன்.

"காத்துல போயிடுச்சே தோன். இந்நேரம் சப்பாலா ஏரியைத் தாண்டியிருக்கும்."

"அனுப்பினது யாரு?"

"போன்ல வந்தது. ஆம்பளைக் குரல். பேர் சொல்ல வெக்கப்பட்டார். எனக்கே கண்ணு கலங்கிடுச்சு. உங்களுக்கு ஆட்சேபணைன்னா மாடிக்குப் போங்க. கேட்போர் காவலர் இருக்கார்."

தேசிய ஒலி ஒழுங்கு இயக்ககம் என்று தலைநகரில் ஓர் அலுவலகம் இருக்கிறது. நாட்டின் பெரிய நகரங்களில் வானொலி சொல்வதையெல்லாம் அது மேற்பார்வையிடுகிறது. ஒவ்வொரு நகரத்திலும் அதன் சார்பில் ஒரு கேட்போர் காவலர் உண்டு. எங்கள் நகரத்தின் காவலர் லிசென்சியாதோ பான்ஃபிலோ உர்ருத்தியா. சட்டம் படித்ததால் எல்லாரும் அவரை லிசென்சியாதோ என்றே அழைப்பார்கள். அவருடைய இரண்டு காதுகளிலும் பஞ்சு இருந்தது.

"காதுல ஏதாவது தொந்தரவா, லிசென்சியாதோ?"

"என்னது?" என்று ஒரு பஞ்சை எடுத்தார். "தொந்தரவெல்லாம் இல்ல. இது பணி விதி. வேலையில சேர்ந்ததிலேர்ந்து நான் ரேடியோ கேட்டதே இல்ல. கேட்டா ஒரு சார்பு வந்துடும் பாருங்க. நேயர்களைக் காப்பாத்தணும்னா முதல்ல நாம கேக்காம இருக்கணும்."

என் புகாரைச் சொன்னேன். அவர் முகம் மலர்ந்தது. எழுந்து வந்து என் கையைக் குலுக்கினார்.

"மறுப்புரிமை! நீங்க கேக்கறது மறுப்புரிமை. எங்க சட்டத்துலயே ரொம்ப அழகான பகுதி. இதுவரைக்கும் யாருமே பயன்படுத்தினதில்ல. விதி ரொம்ப சுலபம். தப்பு எந்தக் கிழமையில வந்துதோ அதே கிழமை, அதே நேரம், அதே குரல், அதே பாட்டு. தப்பு எவ்வளவு நீளமோ மறுப்பும் அவ்வளவு நீளம். முதல்ல அந்தச் செய்தியை முழுசா வாசிக்கணும். அப்புறம் மறுப்பு."

"அந்தச் செய்தியை மறுபடி வாசிக்கணுமா?"

"வாசிக்காம எப்படி மறுக்கிறது, தோன்? இல்லாத ஒண்ண மறுத்தா அதுக்குப் பேர் வதந்தி."

நான் மறுப்பை எழுதி எடுத்துப்போயிருந்தேன். முப்பாட்டனார் இந்த நகரத்துக்கு வந்து சேர்ந்ததிலிருந்து தொடங்கி, எங்கள் வீட்டுப் பெண்களின் ஒழுக்கத்தைத் தலைமுறை தலைமுறையாக விவரித்து, கடைசியில் இந்தச் செய்தியைக் கண்டித்து முடித்திருந்தேன். லிசென்சியாதோ படித்துப் பாராட்டினார். பிறகு நீளம் கருதிக் குறைத்தார். முப்பாட்டனார் போனார். ஒழுக்கம் போனது. கண்டனம் போனது.

அடுத்த புதன்கிழமை, அதே நேரத்தில், பால்தோமேரோ முதலில் அந்தச் செய்தியை வாசித்தார். போன வாரத்தைவிட இந்த வாரம் அவருக்கு நல்ல பயிற்சி இருந்தது. 'மென்மையான' என்ற சொல்லில் கொஞ்சம் நின்று மூச்சு வாங்கினார். பிறகு மறுப்பு:

"மேற்படி கைகள் மென்மையானவை என்பதை அண்ணன் எவாரிஸ்தோ ஓர்னெலாஸ் வன்மையாக மறுக்கிறார்."

பிறகு அதே பொலேரோ.

போன வாரம் வழக்கமாக நேயர் விருப்பம் கேட்பவர்கள் மட்டுமே கேட்டிருந்தார்கள். இந்த வாரம், மறுப்பு வரப்போகிறது என்று கந்தேரா வானொலி முந்தின நாள் முழுக்க அறிவித்திருந்ததால், நகரமே கேட்டது. வழியில் இரண்டு பெண்கள் என்னை மறித்தார்கள்.

"ஏன் தோன், கூடப் பொறந்தவ கையைப் பத்தி ஊருக்கெல்லாம் இப்படியா சொல்றது?" என்றாள் ஒருத்தி.

"நான் அந்தக் கையைத் தொட்டிருக்கேன். வெண்ணெய் மாதிரி இருக்கும்," என்றாள் மற்றவள். "இவருக்குப் பொறாமை."

சோன் வேறு மாதிரி ஆறுதல் சொன்னான். "மாவு பிசையற கை கொஞ்சம் சொரசொரன்னுதான் இருக்கும். அதுக்காக ரேடியோ வரைக்கும் போகணுமா?"

வீட்டில் எலோதியா அவரைக்காய்த் தட்டை என் முன்னே வைத்தாள். வைத்ததில் கொஞ்சம் அவரைக்காய் மேசைக்கு வந்தது.

"என் கை சொரசொரப்பா, அண்ணா?"

"நான் அப்படிச் சொல்லல."

"ரேடியோ சொல்லிச்சே. அதுவும் வன்மையா."

அவ்வளவுதான் பேச்சு. மறுநாள் வியாழக்கிழமை. பேண்ட் கேட்கப் போனவள் வழக்கத்துக்கு முன்பே திரும்பிவிட்டாள். கண் சிவந்திருந்தது.

"என்ன சீக்கிரமே?"

"பேண்ட் நல்லா இல்ல. பெரிய மேளம் இல்லாம வாசிச்சாங்க."

இதை நான் இசை விமரிசனமாக எடுத்துக்கொண்டேன். முனிசிபல் பேண்ட் மேளம் இல்லாமல் வாசிப்பது நிர்வாகச் சீர்கேடு என்று நானும் ஒப்புக்கொண்டேன். அவள் உள்ளே போய்விட்டாள்.

நான் மறுபடி லிசென்சியாதோவிடம் போனேன்.

"ரொம்ப நல்லதாப் போச்சு," என்றார். "இப்ப உங்களுக்கு மறுப்புக்கு மறுப்பு உரிமை வந்துடுச்சு. முதல்ல செய்தி, அப்புறம் மறுப்பு, அப்புறம் மறுப்புக்கு மறுப்பு. பாட்டு ரெண்டு தடவை. ஆனா அதுக்கு முன்னாடி உங்க குடும்ப மானத்துக்கு எவ்வளவு சேதம்னு அளக்கணும்."

"எப்படி அளப்பீங்க?"

"ஒலியாலதான், வேற எப்படி? நாங்க ஒலி இயக்ககம். மானமுள்ள வீடுன்னா ஒரு அமைதி இருக்கும். அந்த அமைதியைப் பதிவு பண்ணித் தலைநகருக்கு அனுப்புவோம். எந்த இடத்துல கொறையுதுன்னு அவங்க சொல்லிடுவாங்க."

ஒரு நாள் மதியம் காதுக்கருவி மாட்டிய இரண்டு பேர் வந்தார்கள். கூடத்தின் நடுவில் மைக்கை நிறுத்தினார்கள். நான் கோட்டும் டையும் அணிந்து நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்தேன். மானமுள்ள அமைதி என்றால் எப்படி மூச்சு விடவேண்டும் என்று கேட்டேன். முடிந்தவரை விடவேண்டாம் என்றார்கள்.

எலோதியாவிடமும் சத்தம் போடாதே என்று சொல்லியிருந்தேன். ஆனால் சாப்பாட்டு நேரம் சாப்பாட்டு நேரம்தான். எங்கள் வீட்டில் மெஷினில் செய்த தோர்த்தியா சாப்பிடமாட்டோம். சோளமாவை உருட்டி, இரண்டு உள்ளங்கைகளுக்கு நடுவில் தட்டித் தட்டித்தான் செய்யவேண்டும். சமையலறையிலிருந்து அந்தச் சத்தம் வந்துகொண்டிருந்தது. பட், பட், பட். கொஞ்சம் நிற்கும். மறுபடி பட், பட், பட்.

"பிரமாதமான அமைதி, தோன்," என்றான் ஒருவன், கருவியைக் கழற்றிக்கொண்டே. "ஒரே ஒரு எடத்துல மட்டும் யாரோ கை தட்டுறாங்க."

"அது தோர்த்தியா."

"எழுதிக்கடா. மானத்துக்கு நடுவில் தோர்த்தியா."

பதிவு தலைநகருக்குப் போனது. மறுப்புக்கு மறுப்பு புதன்தோறும் ஒலிக்கத் தொடங்கியது. சில வாரங்கள் கழித்து, நேரில் வரும்படி எனக்கு அழைப்பு வந்தது. பஸ்ஸில் போய் இறங்கி ஒரு டாக்சி பிடித்தேன். ஓட்டுநர் வானொலியைத் திருகிக்கொண்டிருந்தார்.

"எங்கேர்ந்து வர்றீங்க, முதலாளி?"

"குவாதலஹாரா."

"அடடே! அந்தக் கை ஊரா?" வண்டியை நடுச்சாலையில் கிட்டத்தட்ட நிறுத்தியேவிட்டார். "அந்த அம்மாவைத் தெரியுமா உங்களுக்கு?"

"எந்த அம்மா?"

"எலோதியா! இந்த ஊர், மான்டெர்ரே, புவேப்லா, எல்லா ஊர்லயும் அதான் ஓடுது. புதன்கிழமை காலையில ஒரு சவாரி கெடைக்காது. ஜனம் பூரா ரேடியோ முன்னாடி. கைக்குப் போடற சோப்புக் கம்பெனிதான் வழங்குது. என் மாமியார் வாரா வாரம் அழுவுறா."

"எதுக்கு அழணும்?"

"பின்ன? ஒரு மனுஷன் வெக்கத்தை விட்டுப் பாட்டு அனுப்புறான். அந்த அண்ணன்காரன் நடுவுல புகுந்து மறுக்குறான், மறுபடி மறுக்குறான். கழுதை. அவனுக்குக் கல்யாணம் ஆச்சோ என்னவோ."

"ஆயிற்று," என்றேன். "மனைவி இறந்துவிட்டாள்."

"பாத்தீங்களா, அந்தம்மா தப்பிச்சுது."

"அவருக்கும் ஒரு தரப்பு இருக்கலாம்."

"என்ன தரப்பு முதலாளி? நீங்க நல்ல மனுஷன், அதனால அப்படிப் பேசுறீங்க. அவனைப் பாத்தா நான் சொன்னேன்னு சொல்லுங்க."

சொல்வதாக ஒப்புக்கொண்டேன். இயக்ககத்துக்கு ஒரு தெரு முன்பே இறங்கிக்கொண்டேன்.

தலைமை இயக்குநர் பெயர் அனாக்லெத்தோ பூஸ்தோஸ். பொறியாளர். அவர் அறையில் தரைவிரிப்பு அவ்வளவு தடிமனாக இருந்ததால் நான் வந்ததே அவருக்குத் தெரியவில்லை. கண்ணில் பட்டதும் இரு கைகளையும் விரித்துக்கொண்டு வந்தார்.

"தோன் எவாரிஸ்தோ! உங்களாலதான் இந்த இயக்ககத்துக்கே ஒரு அர்த்தம் வந்திருக்கு. இதுவரைக்கும் எங்களுக்கு ஒரு புகார்கூட வந்ததில்ல. ஏன் தெரியுமா? புகார் எங்க குடுக்கணும்னு நாங்க யாருக்கும் சொன்னதில்ல. அந்த ரகசியத்தை எங்க ஊழியர்களே காப்பாத்தினாங்க. அவ்வளவு விசுவாசம்."

"நாலு நகரத்துல ஒலிபரப்பச் சொல்லி நான் கேக்கலையே."

"நீங்க கேக்கணும்னு அவசியமில்ல. மறுப்புக்கு மறுப்பு வந்துட்டாலே அது தேசியச் செவிக்கு உரியது. பாருங்க, இந்த இயக்ககம் தொடங்கினதிலேர்ந்து நம்ம வானொலியில ஒரு தப்புகூட வந்தது கெடையாது. வர்றது எல்லாமே திருத்தங்கள்தான். முதல்ல வர்றதைத் தப்புன்னு சொல்லக்கூடாது. அது வரப்போற திருத்தத்தோட முன்னோட்டம்."

"மக்கள் என்னைக் கழுதைங்கறாங்க."

"அப்படியா? எனக்குத் தெரியாது. இந்தக் கட்டடத்துல ஒரு ரேடியோகூடக் கெடையாது. மக்கள் எங்களை முழுசா நம்புறாங்க தோன். நாங்க யாருன்னு அவங்களுக்குத் தெரியாததுதான் காரணம். தெரிஞ்சுட்டா அந்த நம்பிக்கை என்ன ஆகும்? அதை நாங்க கட்டிக் காக்குறோம். அப்புறம், உங்க வீட்டு அமைதி!" அவர் கண்களை மூடிக்கொண்டார். "அதையும் ஒலிபரப்பியாச்சு. ஏகப்பட்ட வரவேற்பு. அந்த அமைதியைத் தங்களோட மாமியாருக்குப் போடச் சொல்லி மான்டெர்ரேல நேயர் விருப்பம் குவியுது. அதுவும் நடுவுல அந்தக் கைதட்டல் வருதே, அபாரம்."

"அது தோர்த்தியா."

"அடக்கம்," என்று என் தோளைத் தட்டினார். "இப்ப இறுதி மறுப்பு மட்டும்தான் பாக்கி. நாலு நகரத்தையும் இணைச்சு நேரடியாப் போடறோம். ஒரே ஒரு சின்னச் சிக்கல். பாதிக்கப்பட்டவர்தான் பேசணும். அந்தக் கை உங்களோடதா?"

"என் தங்கையோடது."

"அப்ப நீங்க யாரு?"

"குடும்பத் தலைவர்."

பூஸ்தோஸ் வருத்தத்தோடு தலையை ஆட்டினார். "எங்க சட்டத்துல வாய் இருக்கு, காது இருக்கு. உங்க புண்ணியத்துல இப்ப கையும் இருக்கு. தலைக்கு எடமே இல்ல, தோன்."

இப்படியாக, இவ்வளவு நாள் நான் யாரை இந்த விவகாரத்திலிருந்து பாதுகாத்து வந்தேனோ, அவளையே மைக்குக்கு முன்னால் நிறுத்தவேண்டியதாயிற்று. திரும்பும் பஸ்ஸில் அவள் சொல்லவேண்டியதை எழுதினேன். அனுபவம் காரணமாகச் சுருக்கமாக எழுதினேன். 'அப்படி ஒரு மனிதரை எனக்குத் தெரியாது.' இதில் குறைப்பதற்கு எதுவும் இல்லை. இந்த ஒரு வாக்கியம் நான்கு நகரங்களிலும் ஒலித்துவிட்டால் எங்கள் பெயர் மறுபடி எங்களுக்கே வந்துவிடும்.

எலோதியா காகிதத்தை வாங்கிப் படித்தாள். மடித்தாள்.

"சரி அண்ணா. நீல உடுப்பைத் தேய்ச்சு வைக்கணும்."

"வானொலியில உடுப்பு தெரியாது."

"எனக்குத் தெரியும்ல."

அந்தப் புதன்கிழமை கந்தேரா வானொலி நிலையத்தின் படிக்கட்டு வரை கூட்டம். தெஹுய்னோ என்ற சோளப் பானம் விற்கும் வண்டிகள்கூட வந்துவிட்டன. ஒலிப்பதிவு அறையில் பால்தோமேரோ புதுச் சட்டையில் இருந்தார். லிசென்சியாதோ உர்ருத்தியா காதில் புதுப் பஞ்சோடு ஓரமாக உட்கார்ந்திருந்தார். ஒலிபெருக்கியில் குரல்கள் வந்தன. மான்டெர்ரே தயார். புவேப்லா தயார். தலைநகர் தயார்.

பால்தோமேரோ செய்தியை வாசித்தார். பொலேரோ. மறுப்பை வாசித்தார். பொலேரோ. மறுப்புக்கு மறுப்பை வாசித்தார். பிறகு எங்கள் வீட்டு அமைதி ஒலித்தது, பட், பட், பட் என்ற சத்தத்தோடு. பிறகு சோப்பு விளம்பரம். பிறகு எலோதியா மைக்கின் அருகே நாற்காலியை இழுத்துக்கொண்டாள்.

"எல்லாருக்கும் வணக்கம். நான்தான் எலோதியா. எங்க அண்ணன் எழுதிக் குடுத்த காகிதம் என்கிட்ட இருக்கு. கையெழுத்து அழகா இருக்கு. ஆனா அதுல இருக்கறது பொய்."

நான் எழுந்தேன். பால்தோமேரோ உதட்டில் விரலை வைத்தார்.

"அந்த மனுஷரை எனக்குத் தெரியும். பேர் கிறிஸ்பின் தோவார். முனிசிபல் பேண்ட்ல பெரிய மேளம் அடிக்கிறவர். பாட்டு முடிஞ்சதும் ஜனங்க டிரம்பட்டுக்குக் கை தட்டுவாங்க, கிளாரினெட்டுக்குத் தட்டுவாங்க. மேளத்துக்கு யாரும் தட்டறதில்ல. அவர் பாவம், எல்லாருக்கும் பின்னாடி நின்னுக்கிட்டு இருப்பார். நான் தட்டினேன். எல்லாரும் நிறுத்தினப்புறமும் அவருக்குன்னு கொஞ்ச நேரம் தட்டுவேன். அவர் தொப்பியைத் தொட்டு ஒரு வணக்கம் வைப்பார். எங்களுக்குள்ள நடந்தது இவ்வளவுதான். இதுக்குத்தான் நாலு ஊர்ல சோப்பு விக்குது."

கண்ணாடிக்கு அப்பால் ஊழியர்கள் வேலையை விட்டுவிட்டு நின்றிருந்தார்கள்.

"என் பேரை எத்தனையோ தடவை வாசிச்சாங்க. என்கிட்ட யாரும் ஒரு வார்த்தை கேக்கல. கிறிஸ்பின், அந்த மறுப்பைக் கேட்டுட்டு நீங்க மேளத்தை மூலையில வெச்சுட்டுப் புவேப்லாவுக்கு அக்கா வீட்டுக்குப் போயிட்டீங்கன்னு டிரம்பட்காரர் சொன்னார். மறுத்தது நான் இல்ல. எங்க அண்ணன். அவர் எதையும் மறுப்பார், மழையைக்கூட மறுப்பார். நீங்க அதுக்காக ஊரை விட்டே ஓடறதா? அவ்வளவு பெரிய மேளம் அடிக்கிற மனுஷனுக்கு ஒரு கதவைத் தட்டத் தெரியாதா? நாளைக்கு வியாழக்கிழமை. மதியச் சாப்பாட்டுக்கு வாங்க. வாசல் வழியா வாங்க. அண்ணன்தான் கதவைத் திறப்பார்."

அறையில் ஒரு சத்தமும் இல்லை. தலைநகருக்கு அனுப்பி அளக்கத்தக்க அமைதி. அப்போது பால்தோமேரோ பேசினார். முதல் தடவையாகத் தன் சொந்தக் குரலில். அது கீச்சென்று மெலிதாக இருந்தது.

"யோவ் கிறிஸ்பின்! இன்னும் என்னய்யா உக்காந்திருக்கே? கெளம்பு!"

லிசென்சியாதோ ஒரு பஞ்சை எடுத்துவிட்டு என் பக்கம் சாய்ந்தார். "அம்மா மறுத்துட்டாங்களா?"

"இல்லை."

"அச்சச்சோ. கவலைப்படாதீங்க, இதையும் மறுக்கலாம். உங்க பேரைச் சொல்லிட்டாங்கன்னா உங்களுக்கும் உரிமை வந்துடும். ஒண்ணே ஒண்ணுதான். முதல்ல அம்மா பேசினதை முழுசா வாசிக்கணும். நாலு ஊர்லயும்."

வேண்டாம் என்று சொல்லிவிட்டேன்.

மறுநாள் மதியம் எங்கள் தெருவில் ஊர்வலம் போகிற அளவுக்கு ஜனம். சோன் கடையைப் பூட்டிவிட்டு வந்திருந்தான். சோப்புக் கம்பெனி எதிர்வீட்டு மாடியில் விளம்பரப் பதாகை கட்டியிருந்தது. எங்கள் வாசலில் லிசென்சியாதோ, மைக், காதுக்கருவி மாட்டிய இரண்டு பேர். பால்தோமேரோ தன் பெரிய குரலை மறுபடி அணிந்துகொண்டு நான்கு நகரங்களுக்கும் எங்கள் கதவின் நிறத்தை வருணித்துக்கொண்டிருந்தார். நான் கதவுக்குப் பின்னால் கோட்டணிந்து நின்றிருந்தேன். என்ன செய்யவேண்டும் என்று எனக்கு எந்த அதிகாரியும் சொல்லியிருக்கவில்லை.

சட்டென்று தெரு அடங்கியது. கதவில் ஒரு தட்டு விழுந்தது. ஒரே ஒரு தட்டு. ஜன்னல் கண்ணாடிகள் அதிர்ந்தன.

திறந்தேன். பேண்ட் சீருடையில் ஒரு கனத்த மனிதர் வியர்த்துக்கொண்டு நின்றார். ஒரு கையில் தொப்பி. மற்றொரு கையில் புவேப்லாவின் சர்க்கரைவள்ளி மிட்டாய்ப் பெட்டி. இரவெல்லாம் பஸ்ஸில் வந்த முகம்.

"கிறிஸ்பின் தோவார், உங்க சேவகன்," என்றார்.

இந்த இடத்தில் நான் ஒன்றைச் சொல்லியாகவேண்டும். எங்கள் வீட்டுப் பெண்ணைப் பற்றிப் பேச விரும்பும் ஆண், முன்வாசலுக்கு வந்து, தொப்பியைக் கழற்றி, குடும்பத் தலைவரிடம் தன் பெயரைச் சொல்லவேண்டும். ஆரம்பத்திலிருந்து நான் கேட்டது இதைத்தான். சதுக்கத்திலிருந்து எங்கள் வீட்டுக்கு நடந்தே வந்துவிடலாம். அந்தத் தூரத்தை இந்த மனிதர் கடப்பதற்கு நான்கு நகரங்களின் ஒலிபரப்பு தேவைப்பட்டது. ஆனாலும் வந்துவிட்டார். ஆகவே வென்றது நான்தான்.

"எந்தத் தோவார்?" என்று கேட்டேன். "சாயுலா ஊர்த் தோவாரா, தபல்பா ஊர்த் தோவாரா?"

"தபல்பா, தோன்."

தபல்பாத் தோவார்களைப் பற்றி நான் தவறாக எதுவும் கேள்விப்பட்டதில்லை.

"தோன் எவாரிஸ்தோ, நேரடி ஒலிபரப்பு," என்று லிசென்சியாதோ மைக்கை எங்கள் இருவருக்கும் நடுவில் நீட்டினார். "நாட்டு மக்களுக்கு உங்க பதில் என்ன?"

நான் கிறிஸ்பின் தோவாரின் முழங்கையைப் பிடித்து உள்ளே இழுத்தேன். மைக்குக்கு முன்னால் கதவைச் சாத்தினேன்.

"கதவு சாத்தப்பட்டது," என்று பால்தோமேரோ வெளியே அறிவித்தார். தெருவே ஆரவாரித்தது. அதற்கு மேல் லிசென்சியாதோவின் குரல் கேட்டது. "சரியாப் பதிவாகலையாம்! தோன், இன்னொரு தடவை சாத்த முடியுமா?"

எலோதியா சமையலறை வாசலில் நீல உடுப்போடு நின்றிருந்தாள். இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டு நின்றார்கள்.

"அண்ணா," என்றாள் கடைசியில், "அவரை நிக்க வெச்சே விசாரிக்கப் போறீங்களா?"

மேசையருகே ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டேன். கிறிஸ்பின் தோவார் அதன் நுனியில் உட்கார்ந்தார், மிட்டாய்ப் பெட்டியை மடியிலிருந்து எடுக்காமலே. வெளியே மறுபடி கதவைத் தட்டினார்கள். இயக்ககத்தின் பெயரால் தட்டுவதாகச் சொன்னார்கள். நான் போகவில்லை. எங்கள் வீட்டில் சாப்பாட்டு நேரத்தில் கதவைத் திறக்கும் வழக்கம் இல்லை.